செல்லம்மா சாக்லெட்டுக்கு நடந்த விசாரணை

செல்லம்மாவின் வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. பக்கத்து டவுன்ஷிப்பைச் சேர்ந்த ஆய்வுக்கூடங்களுக்கு மதில் உண்டு, காவல் உண்டு, அடையாள அட்டை உண்டு. இதற்கு ஒன்றும் கிடையாது. கிரைண்டரிலிருந்து ஒரு துளி மாவை எடுத்து அந்த இரண்டு விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்பு தேய்ப்பார். "இன்னும் பத்து நிமிசம்" என்பார், அல்லது "நிறுத்து" என்பார். அணுவைப் பற்றிச் சகலமும் அறிந்த ஆயிரத்து இருநூறு பேர் மறுநாள் காலையில் தின்னப்போகும் இட்லியின் தலையெழுத்து அங்கே எழுதப்படும். அலுவலக கேண்டீனில் அவர் மாவு அரைத்த பதினோரு வருஷத்தில் அந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒருவர்கூட மேல்முறையீடு செய்ததில்லை.

பிறந்தது செய்யூர் பக்கம். பெற்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை. செல்லம்மா ஏழு வயதிலேயே கடலை உடைக்க உட்கார்ந்துவிட்டார். வறுப்பது, உடைப்பது, புடைப்பது, தோலை ஊதித் தள்ளுவது ஆகிய நான்கு துறைகளிலும் அவருடைய உயர்கல்வி பத்து வயதுக்குள் முடிந்தது. இந்தப் படிப்பு பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று கொல்லைக்காரருக்கும் தெரியாது, செல்லம்மாவுக்கும் தெரியாது. பிறகு ஏசுதாஸைக் கட்டிக்கொண்டு புதுப்பட்டினத்துக்கு வந்தார். ஏசுதாஸ் டவுன்ஷிப் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் அட்டெண்டர். அவர் சொல்லித்தான் கேண்டீனில் வேலை கிடைத்தது.

1998இல் கேண்டீன் ஓர் ஒப்பந்தக்காரரின் கைக்குப் போனது. அவர் மாவை வெளியிலிருந்து வாளி வாளியாக இறக்கினார். செல்லம்மாவையும் அவர் அரைத்த கிரைண்டரையும் ஒரே வாரத்தில் கழித்துக் கட்டினார்கள். கிரைண்டரை ஏலத்தில் விட்டார்கள். செல்லம்மா அதை எடுத்து மீன் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேலை போனதற்கு அவர் அழவில்லை. அந்த வாரம் இட்லி கல் மாதிரி இருந்ததாக ஏசுதாஸ் வந்து சொன்னபோது ஒரு தரம் சிரித்தார். அத்தோடு சரி.

இந்த இடத்தில் அந்த அலுவலகத்தின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். ஆகவே யாரும் மீறாத சட்டம். பதவி உயர்ந்தால் இனிப்பு. குழந்தை பிறந்தால் இனிப்பு. புது ஸ்கூட்டருக்கு இனிப்பு, பழைய ஸ்கூட்டர் விற்றுப்போனதற்கும் இனிப்பு. வெளிநாடு போய் வந்தால் சாக்லெட். தட்டை மேஜை மேஜையாக ஏந்திப் போவது அட்டெண்டர் வேலை. தட்டில் மிஞ்சுவது தட்டு ஏந்தியவருக்கு. இப்படி இருபது வருஷம் அடுத்தவர்களின் பதவி உயர்வையெல்லாம் ஏசுதாஸ் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். கடைசியில் அவருக்குப் பதவி உயரவில்லை, சர்க்கரை உயர்ந்தது. வருடாந்தரப் பரிசோதனையில் வந்த எண்ணைப் பார்த்த டாக்டர், "இது உங்க ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்டென்ஷன் நம்பர் இல்லியே?" என்று கேட்டாராம்.

அன்றைக்கே செல்லம்மா வீட்டிலிருந்த சீனி டப்பாவை எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இனி இந்த வாசலுக்குள் ஒரு மணி சீனி நுழையாது என்று சிலுவைப் படத்துக்கு எதிரே நின்று சொன்னார். ஏசுதாஸும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னார். அந்த ஆமெனில் அவ்வளவு உயிர் இல்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் சட்டைப் பை சோதனை நடந்தது. ஒரு நாள் பொட்டலம் சிக்கியது.

"பையில இன்னாய்யா?"

"சாக்லெட்டு. கோதண்டராமன் சார் வெளிநாடு போய் வந்தாரு."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இனிப்பு துன்னாதன்னாரு. இது இனிக்கலமே. அதான் ஆபீஸ்ல ஒருத்தனும் தொடல, அரை டப்பா மிஞ்சிப்போச்சு. வோணும்னா வாயில போட்டுப் பாரு. வேப்பங்காய் தோத்துது."

செல்லம்மா போட்டுப் பார்த்தார். மாத்திரையைக் கடித்த மாதிரி முகம் சுருங்கியது. ஆனால் துப்பவில்லை. உருகினதில் ஒரு சொட்டை எடுத்து அந்த இரண்டு விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். காது பக்கம் வைத்துத் தேய்த்துக் கேட்டார்.

"இத்த யாரோ அரைச்சிருக்காங்கய்யா."

"பின்ன, மரத்துலயா காய்க்கும்?"

"அது இல்ல." செல்லம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "என்னவிட நைசா அரைச்சிருக்காங்க."

உலகத்தில் சாக்லெட் செய்யப் புறப்பட்டவர்களுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். செல்லம்மாவுக்கு இருந்தது இது ஒன்றுதான். எங்கோ கடல் தாண்டி முகம் தெரியாத ஒருவர் தன்னைவிட நைசாக அரைத்துவிட்டுக் காலை நீட்டித் தூங்குகிறார். அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

சாக்லெட்டுக்கு மூலம் கோகோ, அது மரத்தில் காய்க்கிற கொட்டை என்று தெரிந்துகொள்ள இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிற மலையாள நர்ஸ் ஒருவர், தன் ஊரில் தென்னைக்கு நடுவே அதுதான் நிற்கிறது என்றார். லீவு முடிந்து வரும்போது ஒரு மூட்டை கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்த செல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பெரிய சைஸ் கடலை. வறுத்தார், உடைத்தார், முறத்தில் புடைத்தார், தோலை ஊதினார். செய்யூரில் கற்ற நாலு பாடமும் அப்படியே வந்து நின்றது. இனிப்புக்குச் சீனி கிடையாது, சிலுவை பார்த்துக்கொண்டிருக்கிறது. கல் மாதிரி காய்ந்த பேரீச்சையைக் கொட்டை நீக்கி, மொட்டை மாடியில் இரண்டு வெயில் காயவைத்து, இடித்துப் பொடியாக்கினார். கோகோவோடு அதையும் கிரைண்டரில் போட்டார்.

கல் சுற்றச் சுற்றச் சூடேறி கோகோ இளகியது. எண்ணெய் விட்ட மாதிரி பளபளவென்று ஓடியது. செல்லம்மா பூரித்துப்போய், பதினோரு வருஷத்துப் பழக்கத்தில், இடது கையால் கொஞ்சம் தண்ணீர் அள்ளித் தெளித்தார்.

அந்த நொடியில் எல்லாம் களிமண் ஆனது. கிரைண்டர் உறுமியது. கட்டையால் குத்தி எடுக்க வேண்டியதாயிற்று.

இட்லி மாவுக்குத் தண்ணீர் உயிர். சாக்லெட்டுக்குத் தண்ணீர் எமன். அரைக் கை பட்டாலும் போதும், ஓடுகிற கலவை இறுகிக்கொள்ளும். இது செல்லம்மாவின் மூளைக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. கைக்குப் புரிய இன்னும் மூன்று தடவை ஆனது. அதன் பிறகு கிரைண்டர் ஓடும்போதெல்லாம் இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைப் பின்கட்டுக்குத் தள்ளினார். சுவரில் கரியால் 'தண்ணி ஆகாது' என்று எழுதினார். அப்படியும் அடுத்த வீட்டுப் பெண்களை அடக்க முடியவில்லை. ஓடுகிற கிரைண்டரைப் பார்த்தால் ஒரு தள்ளு தள்ளி, ஒரு கை தண்ணீர் தெளிக்காமல் போக நம் பெண்களுக்குக் கை வராது. எதிர்வீட்டு ஆராயி, கொடுத்த சீனி டப்பாவைத் திருப்பித் தர வந்தவர், சுவரில் இருந்ததை வாய்விட்டுப் படித்துக்கொண்டே தெளித்தார். அன்றிலிருந்து கிரைண்டர் ஓடும் அறைக்குள் எந்தப் பெண்ணையும் விடுவதில்லை என்று செல்லம்மா முடிவு செய்தார். ஆண்களுக்குத் தடை இல்லை. அவர்களால் ஆகக்கூடிய சேதம் ஒன்றுமில்லை என்பது அவருடைய கணிப்பு.

முப்பது மணி நேரம் விடாமல் அரைத்தால்தான் அந்த வெளிநாட்டு நைஸ் வந்தது. வந்த நாளில் செல்லம்மா விரலைத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவே எதுவுமே இல்லாத மாதிரி வழுக்கியது. ஐஸ் கட்டி வைக்கிற தட்டில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உறைந்ததை எடுத்து ஏசுதாஸின் உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்தார். டாக்டரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். "பேரீச்சையிலயும் இனிப்பு இருக்கும்மா. ஒரு நாளைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். இத மருந்துன்னு நினைச்சுக்கப்படாது" என்றார் டாக்டர்.

அந்த ஒரு துண்டை ஏசுதாஸ் மதியம் மூன்று மணிக்கு, அலுவலக நடுக்கூடத்தில், கண்ணை மூடிக்கொண்டு தின்றார். உலகத்தில் எந்த விளம்பரமும் இப்படி வேலை செய்திருக்காது. அந்தக் கூடத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் சர்க்கரை இருந்தது, அல்லது இருக்கிறதோ என்ற பயம் இருந்தது.

"ஏசுதாஸ், உனக்கு சுகர்னாங்களே?"

"கீது சார். இதுல சீனி சேக்கல. எங்க வூட்ல அரைச்சது."

மறுநாள் பத்துப் பேர் கேட்டார்கள். மறுவாரம் ஐம்பது. ஒரு மூத்த விஞ்ஞானி ரகசியமாகக் கூப்பிட்டு, "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று விசாரித்தார். செல்லம்மாவின் மகள் சிநேகா செங்கல்பட்டில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள். சுற்றுகிற காகிதத்தில் என்ன எழுதுவது என்று அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 'இதில் சர்க்கரை சேர்க்கவில்லை. பேரீச்சை இருக்கிறது, அதில் இனிப்பு இருக்கிறது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஒன்றுக்கு மேல் தின்றால் எங்களைக் கேட்கக் கூடாது.' தின்னாதே என்று சொல்லி விற்ற பண்டம் தமிழ்நாட்டில் அதற்கு முன் இருந்ததா தெரியவில்லை. அதனாலேயே ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார்கள்.

2002ஆம் வருஷம் டவுன்ஷிப் பண்டகசாலையில், வாசலை ஒட்டிய ஊறுகாய் மேடை காலியானது. மூன்றடிக்கு இரண்டடி. செல்லம்மா மனுப் போட்டார். மேடை கிடைத்தால் ஏசுதாஸின் சட்டைப் பையை நம்பாமல் தானே நின்று, தன் பேரில், தன் சரக்கை விற்கலாம். கேண்டீன் கழித்துக் கட்டின ஆளும் கழித்துக் கட்டின கிரைண்டரும் முன்வாசல் வழியாகத் திரும்பப் போகலாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

மனுவைப் பார்க்க மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் கோதண்டராமன், அந்தக் கசப்புச் சாக்லெட்டைக் கொண்டுவந்த அதே விஞ்ஞானி. கும்பகோணத்துக்காரர், ஆதாரம் இல்லாமல் குட்மார்னிங்கூட ஏற்காதவர். உறுப்பினர்கள் நாகர்கோவில் ஜெபகுமார், கோயம்புத்தூர் சங்கரி. இருவரும் பொறியாளர்கள். சீனி இல்லாமல் இவ்வளவு ருசி வராது என்பது தலைவரின் சந்தேகம். சந்தேகம் வந்தால் பரிசோதனை. உலகத் தரமான கருவிகள் அரை மைல் தூரத்தில் இருக்க, தலைவர் ஒரு துண்டு சாக்லெட்டைப் பண்டகசாலையின் பின்சுவரில் ஓர் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடத்தில் எறும்பு வரிசை கட்டியது. 'எறும்புகளின் வருகை உறுதி செய்யப்பட்டது' என்று அறிக்கை எழுதினார்.

சாயங்காலத்துக்குள் டவுன்ஷிப் முழுக்கத் தெரிந்துவிட்டது: ஏசுதாஸ் பெண்டாட்டி சீனியைப் போட்டுவிட்டு இல்லை என்கிறார். மறுநாள் மூன்று மணிக்கு ஏசுதாஸ் தன் துண்டைத் தின்றபோது ஒருவரும் கேட்கவில்லை. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அவர் பாதித் துண்டைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இன்னாய்யா, துன்னலியா?"

"எறங்கல செல்லம்மா."

மறுநாள் காலையில் செல்லம்மா குழுவின் முன் போய் நின்றார்.

"சார், எறும்பு மாம்பழத்துக்கும்தான் வருது. மாம்பழத்துல யாரு சீனி போட்டது?"

ஜெபகுமார் வாயைப் பொத்திக்கொண்டார். "இந்தாம்மா," என்றார் கோதண்டராமன், "மாம்பழம் தன் மேல சர்க்கரை இல்லைன்னு சீட்டு ஒட்டிண்டு வர்றதில்லை."

"நானும் சர்க்கரையே இல்லன்னு ஒட்டல சார். சேக்கலன்னு ஒட்டிகீறேன். பேரீச்சை கீதுன்னும் ஒட்டிகீறேன். இவ்ளோ படிச்சிருக்கீங்க, காயிதத்தப் படிக்காம எறும்பப் போயிக் கேட்டா?"

"சேக்கலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

"வந்து குந்துங்க. முப்பது மணி நேரம். ஒவ்வொண்ணும் உள்ள போறதக் கண்ணால பாருங்க."

இப்படி ஓர் அழைப்பை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் முப்பது மணி நேரம் என்றால் ஷிஃப்ட் போட வேண்டும்; ஷிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டால் அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் அட்டவணை தயார்: முதலில் சங்கரி, பிறகு ஜெபகுமார், பிறகு தலைவர், மறுபடி சங்கரி என்று சுற்று. கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு. முதல் பக்கத்தில் தலைவர் தன் கையால் விதி எழுதினார்: 'இயந்திரத்தில் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளும், அளவும், சேர்த்தவர் பெயரும், நேரமும் தவறாமல் பதியப்பட வேண்டும்.'

செல்லம்மாவுக்கு ஒரே பயம்தான் இருந்தது, அது சங்கரி. வந்ததும் வராததுமாக அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. அந்த நாற்காலிய வுட்டு எழுந்துக்கக் கூடாது. தண்ணி வோணும்னா வாசலுக்குப் போயிக் குடிங்க. கையத் தொடச்சிக்கினு உள்ள வாங்க."

"ஏனுங்க, நான் அப்படி என்ன பண்ணிப்போடுவேன்?"

"நீங்க பண்ண மாட்டீங்க. உங்க கை பண்ணிடும்."

சங்கரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பிறந்ததிலிருந்து ஒரு கிரைண்டரையும் தொட்டதில்லை; திருமணமாகும்வரை விடுதி, அதற்குப் பிறகு பாக்கெட் மாவு. ஆனாலும் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெபகுமார் தன் ஷிஃப்டில் சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். பதிவேட்டில் அந்த நேரத்துக்கு 'நிலைமை சீராக இருந்தது' என்று எழுதியிருக்கிறது. தலைவர் வந்தபோது அவருக்கு நாற்காலி, மின்விசிறி, முக்காலி, முக்காலி மேல் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர். வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்குத் தண்ணீர் வைக்காமல் இருப்பதா? அதுவும் ஆண்பிள்ளை. செல்லம்மாவின் வாழ்க்கையில் அவர் தவறாகப் போட்ட ஒரே கணக்கு அந்தச் சொம்புதான்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி. இருபத்தெட்டு மணி நேரம் கல் ஓடிவிட்டது. பதிவேட்டில் இரண்டே பொருள்: கோகோ, பேரீச்சைப் பொடி. ஏசுதாஸ் அலுவலகத்தில். அறையில் தலைவர் மட்டும். செல்லம்மா பின்கட்டில் ஐஸ் தட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கிரைண்டரின் சத்தம் மாறியது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கோதண்டராமன் கிரைண்டருக்கு எதிரே குனிந்து நின்றார். வலது கை குழவி ஓரத்தில் வழிப்பதற்குத் தயாராக இருந்தது. இடது கை அந்தரத்தில் நின்றது; அதன் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லம்மா சுவிட்சை அணைத்தார். இருபத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு வீட்டில் ஓசை இல்லை. கிள்ளிப் பார்த்தார். களிமண்.

"கெட்டியாற மாதிரி இருந்தது..." என்றார் தலைவர்.

செல்லம்மா அவருடைய நிற்கும் விதத்தைப் பார்த்தார். ஒரு கால் முன்னே, இடுப்பு கொஞ்சம் வளைந்து, வேட்டி நுனி நனையாமல் முழங்காலுக்கு நடுவே. இது ஒரு நாளில் வருகிற நிலை இல்லை.

"எத்தினி வருசமா அரைக்கிறீங்க சார்?"

கோதண்டராமன் வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷம். ஞாயித்துக்கிழமைல. ஆத்துக்காரி அமிர்தவல்லிக்குத் தோள்பட்டை வலி."

"யாருக்கும் தெரியாதா?"

"ஜன்னலைச் சாத்திண்டுதான் அரைப்பேன்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை எடுத்தார். '11.10. கலவை இறுகியது. காரணம்:' என்று எழுதினார். பேனா அங்கே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பேனா எதற்கு நிற்கிறது என்று செல்லம்மாவுக்குத் தெரிந்தது. 'தெரியவில்லை' என்று ஒரு சொல் விழுந்தால் போதும். சரக்கு நம்பத்தகுந்தது அல்ல என்று குழு எழுதிவிடும். மேடையும் போகும், பேரும் போகும். ஏசுதாஸ் இனி மூன்று மணிக்குக் கழிவறையில் நின்று தின்ன வேண்டும். பார்த்தது இரண்டு பேர். ஒருவர் குழுத் தலைவர், மற்றவர் பொய் சொல்கிறவர் என்று ஊர் முடிவு செய்துவிட்டவர்.

அவர் சத்தம் போடவில்லை. கிரைண்டரின் உதட்டில், தண்ணீர் படாத ஓரத்தில், பழைய நிலையிலேயே ஒரு தீற்றல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் வழித்துத் தலைவரிடம் நீட்டினார்.

"பாத்துச் சொல்லுங்க."

கோதண்டராமன் வாங்கிப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தார். தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தேய்த்தார்.

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஓடணும்" என்றார். "ஆனா கை நல்ல கை."

செல்லம்மாவின் கணக்கும் ஒன்றரை மணி நேரம்தான். பதினோரு வருஷம் கேண்டீனில், நாலு வருஷம் வீட்டில் யாரும் இப்படி அவரிடம் சொன்னதில்லை. தின்று பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் ஏராளம். தேய்த்துப் பார்த்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

"சார்," என்றார், "சேக்கிறது எல்லாத்தையும் எழுதணும்னு மொத பக்கத்துல எழுதினது நீங்கதான்."

"எழுதினா ஊரே கேக்கும், கோதண்டராமன் கைக்கு ஏது மாவுப் பழக்கம்னு."

"கேக்கட்டும் சார். நல்லா அரைக்கிறவருன்னு நான் சொல்றேன்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். 'காரணம்' என்ற சொல்லை நேர்க்கோடு போட்டு அடித்தார். அடித்ததற்குச் சுருக்கொப்பம் வைத்தார். பிறகு அவருடைய உருண்டையான கையெழுத்தில் எழுதினார்: 'சேர்க்கப்பட்டது: தண்ணீர். அளவு: சுமார் அரைக் கை. சேர்த்தவர்: குழுத் தலைவர். காரணம்: இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.'

சாயங்காலம் குழு கூடியபோது செல்லம்மா அந்தக் களிமண்ணை வீணாக்கவில்லை. அரைக் கை தண்ணீர் பட்டுக் கெட்டது, நாலு சொம்பு வெந்நீர் பட்டால் இளகிவிடும் என்று தோல்வி நாட்களில் கண்டுபிடித்திருந்தார். கொதிக்கவிட்டு, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஜெபகுமார் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினார்.

"காயிதத்துல போட்டிருக்கேன் சார்," என்றார் செல்லம்மா. "ஒண்ணுக்கு மேலன்னா எங்களக் கேக்கக் கூடாது."

சங்கரி பதிவேட்டை வாய்விட்டுப் படித்தார். தண்ணீர் பதிந்த வரி வந்ததும் நிறுத்தித் தலைவரைப் பார்த்தார். "என்னைய நாற்காலில கட்டிப்போட்டது சரி. சாரை யாருங்க கட்டிப்போடறது?" தலைவர் மோட்டுவளையைப் பார்த்தார். ஜெபகுமார் மட்டும், தன் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் அது சப்பாத்தி என்றார்.

இறுதி அறிக்கை ஒரே பக்கம். 'இருபத்தெட்டு மணி நேரக் கண்காணிப்பில் சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று உறுதியாகிறது. சேர்க்கப்பட்ட அந்நியப் பொருள் தண்ணீர் மட்டும். அதைச் சேர்த்தது இக்குழு. முந்தைய எறும்புச் சோதனை திரும்பப் பெறப்படுகிறது.' மூவரும் கையொப்பமிட்டார்கள். மறுநாள் மூன்று மணிக்கு, அலுவலக நடுக்கூடத்தில், கோதண்டராமன் தானே எழுந்து வந்து ஏசுதாஸிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். ஏசுதாஸ் தன் துண்டை முழுசாக, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

ஊறுகாய் மேடை செல்லம்மாவுக்குக் கிடைத்தது. முன்வாசல் வழியாகத்தான் போனார். அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடைக்குப் பின்னால், ஆள் உயரத்தில் மாட்டினார். சாக்லெட் வாங்க வருகிற ஒவ்வொருவரும் அதைப் படித்தாக வேண்டும். படிக்காதவர்களுக்கு அவரே விரல் வைத்துக் காட்டினார். மாமல்லபுரத்தில் தங்கி ஊர் பார்க்க வந்த ஒரு வடநாட்டுக் குடும்பம் சிலையையெல்லாம் விட்டுவிட்டு இந்தச் சட்டத்தைப் போட்டோ எடுத்துப் போனது.

ஒரு திங்கட்கிழமை, நூல் புடவையில் ஒல்லியாக ஓர் அம்மாள் வந்தார். சட்டத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். 'சேர்த்தவர்' என்ற வரியில் நின்று சிரித்தார். ஒரு துண்டு வாங்கி, தின்னாமல், இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இளகவிட்டுத் தேய்த்தார். அமிர்தவல்லி என்று செல்லம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நன்னாயிருக்கு" என்றார் அந்த அம்மாள். "ஆனா எங்காத்துக்காரர் அரைச்சா இன்னும் கொஞ்சம் நைசா வரும். இப்பல்லாம் ஜன்னலைத் திறந்து வெச்சுண்டுதான் அரைக்கிறார்."

செல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வரச் சொல்லுங்க மாமி. கல்லு எங்க வூட்லதான் கீது, பாத்துக்கலாம். சொம்ப மட்டும் உங்க வூட்லயே வச்சிட்டு வரச் சொல்லுங்க."